பாஸ் என்னும் விளி

கிள்ளான் நகரில் ஒரு மாமாக் கடை. ஞாயிற்றுக்கிழமைக் காலை எட்டு மணி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் பேரனோடு வந்து அமர்ந்தார். பேரன் பெட்டாலிங் ஜெயாவில் கணினித் துறையில் வேலை பார்ப்பவன். மாதம் ஒருமுறை தாத்தாவைப் பார்க்க வருபவன். உட்கார்ந்ததும் கையை உயர்த்தி, "பாஸ்! தே தாரிக் ரெண்டு, ரொட்டி சானாய் ரெண்டு" என்றான். தோளில் துண்டும் கையில் தட்டுமாக மேசைகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்த இளைஞன் திரும்பிக்கூடப் பாராமல், "ஓகே பாஸ்!" என்று குரல் கொடுத்துவிட்டு ஓடினான். அடுத்த மேசையில் மலாய்க்காரர் இருவர். அவர்களும் அவனைப் பாஸ் என்றே அழைத்தனர். அதற்கடுத்த மேசையில் ஒரு சீனக் குடும்பம். அங்கும் அதே சொல். கல்லாவில் அமர்ந்திருந்தவரோ உண்மையிலேயே அக்கடைக்கு உரிமையாளர். அவரும் தம்மிடம் பணம் கட்ட வந்தவரைப் பார்த்து, "பன்னிரண்டு வெள்ளி, பாஸ்" என்றார்.

ஆசிரியர் சிறிது நேரம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இந்தக் கடையிலே யாருப்பா பாஸ்?" என்று பேரனைக் கேட்டார்.

பேரன் சிரித்தான். "எல்லாருந்தான் தாத்தா. சும்மா ஒரு மரியாதைக்குக் கூப்பிடுறது."

எட்டாம் வேற்றுமை விளி வேற்றுமை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியவருக்கு இவ்விடை போதுமானதாக இல்லை. ஒருவனை மற்றவன் தலைவா என்று அழைக்கிறான். அழைக்கப்பட்டவனும் அழைத்தவனைத் தலைவா என்கிறான். அப்படியானால் அங்கே தலைவனும் இல்லை, பணியாளனும் இல்லை என்று கொள்ள வேண்டும்; அல்லது அச்சொல்லுக்குப் பொருளே இல்லை என்று கொள்ள வேண்டும். இவ்விரண்டனுள் எது உண்மை?

பாஸ் என்னும் இச்சொல் ஆங்கிலத்தின் வழியே உலகெங்கும் பரவியது எனினும், அது பிறந்த இடம் இங்கிலாந்தன்று. ஒல்லாந்தரின் மொழியில் தலைவன், எசமானன், தொழிலில் கைதேர்ந்த மேலாள் என்னும் பொருள்களில் வழங்கியது அது. வட அமெரிக்காவில் ஒல்லாந்தர் அமைத்த நியூ ஆம்ஸ்டர்டாம் என்னும் குடியேற்றம், 1664ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைக்கு மாறி நியூயார்க் ஆயிற்று. கொடி மாறியது, ஊர்ப்பெயர் மாறியது, ஆனால் சந்தையிலும் பட்டறையிலும் புழங்கிய சில சொற்கள் மாறாமல் நின்றன. அவற்றுள் ஒன்று இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிலாளிக்கு இச்சொல் மிகவும் தேவைப்பட்டது. கூலி கொடுப்பவனை ஆங்கிலேயன் 'மாஸ்டர்' என்று அழைத்துவந்தான். அமெரிக்காவில் அச்சொல்லுக்கு வேறொரு நிறம் ஏறியிருந்தது. விலைக்கு வாங்கப்பட்ட கறுப்பின அடிமை, தன்னை வாங்கியவனை அழைத்த சொல் அது. எனவே, மன்னராட்சியை உதறிக் குடியரசு கண்ட வெள்ளைத் தொழிலாளி, தன்னையும் அடிமையோடு ஒருசேர வைத்துக் காட்டும் அச்சொல்லை உச்சரிக்க மறுத்தான். வேலைக்காரன் என்று தன்னை அழைப்பதையும் அவன் விரும்பவில்லை. உதவியாள் என்று சொல்லிக்கொண்டான். முதலாளியை அழைப்பதற்கு ஒல்லாந்தரின் பாஸ் கைகொடுத்தது. பொருளில் இரண்டும் ஒன்றே. ஆனால் அந்தப் பொருள் அவனுக்குத் தெரியாத மொழியில் மறைந்து கிடந்தது. அதனால் நாக்கு கூசவில்லை.

இந்தத் தந்திரத்தைக் கண்டு எரிச்சலுற்றவர் ஒருவர். புதின ஆசிரியர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர், தாம் 1838ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி அமெரிக்கன் டெமாக்ரட்' என்னும் நூலில் இதைக் குறிப்பிட்டு, மாஸ்டர் என்பதைக் கைவிட்டு அதே பொருளுடைய ஒல்லாந்தச் சொல்லை ஏற்றுக்கொள்வது ஆண்மையுள்ள மக்களுக்கு அழகாகுமா என்று கேலி செய்தார். சொல்லாராய்ச்சியில் கூப்பர் கூற்று சரியே. ஆயினும் மனிதர் நெஞ்சை அவர் எட்டிப் பார்க்கவில்லை. பொருள் மாறாவிட்டாலும் ஒலி மாறினால் சில வேளைகளில் முதுகு நிமிர்கிறது. அது சிறு ஆறுதல்தான். ஆனால் நாளெல்லாம் குனிந்து வேலை செய்பவனுக்கு அச்சிறு ஆறுதலும் வேண்டியிருக்கிறது.

சொற்களின் வாழ்க்கையில் நேர்வழி என்று ஒன்றில்லை. அடிமைத்தனத்தின் வாடை வேண்டாம் என்று தேர்ந்துகொள்ளப்பட்ட இதே சொல், அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865ஆம் ஆண்டில் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பிறகு, தென்மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பினத்தார் வாயில் வந்து அமர்ந்தது. மாஸ்டர் போனான், பருத்திக் காட்டில் பாஸ் வந்து நின்றான். சிறைக்கைதிகள் சங்கிலியோடு சாலை போட்ட இடங்களில், துப்பாக்கியோடு நின்ற காவலனும் பாஸ்தான். தென்னாப்பிரிக்காவில் இன்னும் கொடுமை. அங்கே ஒல்லாந்த வழிவந்த மொழியில், பழைய நீண்ட ஒலியோடே 'பாஸ்' என்று வெள்ளையனைக் கறுப்பின உழைப்பாளி அழைத்தாக வேண்டியிருந்தது. 1954 முதல் 1958 வரை அந்நாட்டின் பிரதமராயிருந்த ஸ்ட்ரைடம், வெள்ளையர் மேலாண்மையையே அச்சொல்லிலிருந்து பிறந்த 'பாஸ்காப்' என்னும் பெயரால் வெளிப்படையாகத் தம் கொள்கை என்று அறிவித்தார். ஓரிடத்தில் மானத்தைக் காத்த சொல், வேறோரிடத்தில் மானத்தைப் பறித்தது.

ஒல்லாந்தர் ஆட்சி நடந்த இன்னொரு நாட்டில் அது பெற்ற பொருள் கேட்கவே இனியது. இலங்கையின் கரையோரப் பகுதிகள் 1796ஆம் ஆண்டு வரை அவர்கள் கையில் இருந்தன. அங்கே பாஸ் என்றால் தச்சர், கொத்தனார். உளியையும் கரண்டியையும் திறம்படக் கையாள்பவர் எவரோ அவரே பாஸ். சிங்களவர் அவரைப் 'பாஸ் உன்னெஹே' என்று மரியாதையோடு அழைப்பர். அந்நாட்டுத் தமிழரிடையேயும் மேசன் பாஸ் உண்டு. மேசைக்குப் பின்னால் சாய்ந்திருந்து ஏவுபவனைக் குறிக்காமல், வெயிலில் நின்று வேலை செய்பவனைக் குறிக்கும் அப்பொருளில் ஒரு நியாயம் இருக்கிறது. உலகம் அதைப் பின்பற்றியிருக்கலாம், பின்பற்றவில்லை.

அமெரிக்காவில் அச்சொல் அரசியலுக்குள் நுழைந்தது. நியூயார்க் நகரின் டாமனி ஹால் என்னும் கட்சி அமைப்பைக் கைக்குள் வைத்திருந்த வில்லியம் டுவீடு, 'பாஸ் டுவீடு' என்றே வரலாற்றில் நிலைத்துவிட்டார். நகரத்துப் பணத்தைச் சுரண்டிய அவர் 1878ஆம் ஆண்டில் சிறையில் இறந்தார். அவரால் பாஸ் என்பதற்குத் திரைமறைவில் இருந்து ஆட்டுவிப்பவன் என்னும் பொருளும் அழுத்தம் பெற்றது. 1960களில் அமெரிக்க இளைஞரிடையே அச்சொல் திடீரென்று பெயரடையாகி, மிக நன்று, அருமை என்று பொருள்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் வானொலி நிலையமொன்று 1965இல் தன்னைப் 'பாஸ் ரேடியோ' என்று விளம்பரம் செய்துகொண்டது. லிவர்பூல் நகரத்தார்க்கும் பாஸ் என்றால் அருமை என்பதே பொருள். அதிகாரத்துக்கும் அருமைக்கும் என்ன தொடர்போ தெரியவில்லை.

வினையாகும்போது இச்சொல் கசக்கிறது. ஒருவரை வீணாக அதட்டி ஏவுவதை அது குறிக்கிறது. அதிலிருந்து பிறந்த 'பாஸி' என்னும் அடைமொழியோ பெரும்பாலும் சிறுமியர் மீதே விழுகிறது. சிறுவன் கட்டளையிட்டால் தலைமைப் பண்பு. சிறுமி கட்டளையிட்டால் பாஸி. இதைக் கண்டித்து 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் இயக்கமே நடந்தது. மாமாக் கடையும் இதில் அவ்வளவு தூய்மையானதன்று. ஆண் வாடிக்கையாளர் எவராயினும் பாஸ். பெண் வந்து அமர்ந்தால் அவர் பெரும்பாலும் அக்காவோ, கக்கோ, அமோயோ ஆகிவிடுகிறார். எல்லாரும் பாஸ் என்று பேரன் சொன்னதில் 'எல்லாரும்' என்பது ஏறத்தாழ ஆண்பால்.

தமிழில் எழுதும்போது இச்சொல்லுக்கு வேறொரு வேடிக்கை நேர்கிறது. தேர்வில் தேறுவதற்கும் பாஸ், தலைமை தாங்குவதற்கும் பாஸ். எழுத்தில் வேறுபாடில்லை, இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் முன்பின் அறியாத சம வயதினனை வழி கேட்பதற்கும், பேருந்தில் சற்று நகரச் சொல்வதற்கும் இச்சொல்லே பயன்படுகிறது. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாஸ் என்கிற பாஸ்கரன்' என்னும் திரைப்படத்தில் வேலைவெட்டியற்ற நாயகனுக்குப் பெயர் சுருங்கியதால் அப்பட்டம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

மலேசியாவிலோ இச்சொல் அரசியல் மேடையும் ஏறியது. 2018ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஆட்சியை இழந்த முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு இளைஞர் நடுவே தோன்றியபோது, 'மாலு ஆப்பா பொஸ்கு' என்னும் முழக்கம் நாடெங்கும் பரவியது. வெட்கமென்ன, என் பாஸே என்பது அதன் பொருள். யார் யாரைப் பார்த்துச் சொன்னது? தலைவர் மக்களைப் பார்த்தும் சொல்லலாம். மக்கள் தலைவரைப் பார்த்தும் சொல்லலாம். தேநீர்க் கடையின் இருவழி விளி அப்படியே தேர்தல் களத்துக்குப் பெயர்ந்தது. பிரதமராயிருந்தவரும் சட்டிகழுவுபவனும் ஒரே பட்டத்தில் நிற்பது போன்ற தோற்றத்தை ஓர் அசைக்குள் உண்டாக்கிவிடும் ஆற்றல் வேறெந்தச் சொல்லுக்கு உண்டு? தோற்றம் என்றதைக் கவனிக்க வேண்டும்.

இவையெல்லாம் பிற இடத்துச் செய்திகளும் பிற்காலச் செய்திகளும் ஆகும். ஆசிரியரின் மனம் சென்ற இடம் வேறு. அவர் பிறந்தது கிள்ளானுக்கு அருகில் ஒரு கித்தாத் தோட்டத்து லயத்தில். அங்கே கீழிருந்து மேலே போகும் சொற்களும், மேலிருந்து கீழே வரும் சொற்களும் வேறு வேறாக இருந்தன. வெள்ளை நிருவாகி பெரிய தொரை; மலாய்க்காரர்க்கு அவர் துவான் பெசார். துணை நிருவாகி சின்ன தொரை. அவர்க்குக் கீழே கிராணி. கிராணிக்குக் கீழே மண்டோர். கடைத்தெருவுக்குப் போனால் சீன முதலாளி தவுக்கே. இவையெல்லாம் அண்ணாந்து பார்த்துச் சொல்லும் சொற்கள். மேலிருந்து வந்தவை எவை? பிரட்டுக் களத்தில் 'டேய்'. வெள்ளையர் கிளப்புகளிலும் பங்களாக்களிலும் 'பாய்'. தலைநரைத்த சீனச் சமையற்காரரும் அவர்களுக்குச் சிறுவன்தான். அலுவலகங்களில் 'தம்பி'. தமிழ்க் குடும்பத்தில் அன்பு சொட்டும் இம்முறைப்பெயர், வெள்ளையன் வாயில் எடுபிடிப் பையன் என்னும் உத்தியோகப் பெயராகிவிட்டது. அதே பாய் என்னும் ஒலி, மாமாக் கடை முதலாளியைத் தமிழர் அழைக்கும்போது சகோதரர் என்னும் பொருளில் மரியாதையாவதும் உண்டு. ஒலி ஒன்று, ஒன்று மனிதனைச் சிறுவனாக்கிற்று, மற்றொன்று உடன்பிறந்தானாக்கிற்று.

விளி என்பது வாயோடு நின்றுவிடும் செய்தியன்று. உடம்பும் சேர்ந்தே விளித்தது. தோட்டப் பாதையில் தொரையோ கிராணியோ எதிர்ப்பட்டால், சைக்கிளில் செல்லும் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில், கூலி உயர்வும் கள்ளுக்கடை ஒழிப்பும் இருந்தவாறே, சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்பதும் ஒன்றாக இருந்தது. வயிற்றுக்கான கோரிக்கையோடு சமமாக இதையும் எழுதிவைத்தார்களே, அவர்களை எண்ணி வியக்க வேண்டும். அவர்களுக்கு வழிகாட்டிய ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடுகடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் போயின. அவ்வாண்டு முடிவதற்குள் ஜப்பானியர் மலாயாவில் இறங்கிவிட்டனர்.

ஆசிரியர் பிறந்தது போர் முடிந்த பிறகு. 1953ஆம் ஆண்டு வாக்கில், ஏழு வயதுச் சிறுவனாகத் தந்தையின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து சென்றது அவர் நினைவில் இருக்கிறது. எதிரே தொரையின் கார் வந்தது. தந்தை இறங்கினார்; சைக்கிளை ஓரம் கட்டினார்; கார் கடந்து புழுதி அடங்கும் வரை நின்றார். இறங்க வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை என்பது தந்தைக்கே தெரியும். 1941 வேலைநிறுத்தத்தில் அவரும் கலந்துகொண்டவர். ஏன் இறங்கினீர்கள் என்று மகன் கேட்டதற்கு, அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "காலு தானா எறங்கிடுதுடா" என்றார்.

அந்தத் தந்தையின் பேரனுக்கு மகன்தான் இப்போது பாஸ் என்று குரல் கொடுப்பவன். அவனுடைய வாயில் இச்சொல் எவ்வளவு எளிதாக வருகிறது! அதன் வசதியையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழில் ஒருவரை அழைப்பதற்கு முன் எத்தனை கணக்குப் போட வேண்டியிருக்கிறது? வயது மூத்தவரா, இளையவரா. அண்ணன் என்பதா, மாமா என்பதா. நீ என்பதா, நீங்கள் என்பதா? தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்றே ஓர் இயல் வகுத்தார். ஒருவரைப் பன்மையில் குறிப்பது வழக்கில் உள்ள உயர்வேயன்றி இலக்கண நெறியன்று என்றும் அவர் வேறோரிடத்தில் சுட்டினார். ஆக, மரியாதைக்காக மக்கள் இலக்கணத்தை வளைப்பது அன்றே நடந்த செயல். விளி ஏற்கும் உயர்திணைப் பெயர்களுக்கு இறுதியில் வரத்தக்க மெய்கள் ன, ர, ல, ள என்னும் நான்கே என்பது அவர் விதி. பாஸ் என்பது இந்நான்கினுள் எதிலும் அடங்காது. அதனால்தானோ என்னவோ, அச்சொல் தமிழனின் முறைக்கணக்குகள் எதற்கும் கட்டுப்படாமல் திரிகிறது. வயது கேட்பதில்லை, இனம் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒருவரையொருவர் எப்படி அழைப்பது என்று தயங்கி நிற்க வேண்டிய ஒரு நாட்டில், தயக்கமின்றி அழைக்க ஒரு சொல் அகப்பட்டிருப்பது சிறிய நன்மையன்று.

ஆனால் செலவில்லாத மரியாதை அது. மாமாக் கடைகளில் மேசை துடைக்கும் இளைஞரில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தை எதிர்நோக்கிக் கடல் கடந்து வந்து, வேலை பெர்மிட்டை ஒரு கண்ணாகவும் ஊரில் பட்ட கடனை மறு கண்ணாகவும் காத்து நிற்கிறவன், நாளொன்றுக்கு நூறு முறை பாஸ் என்று அழைக்கப்படுகிறான். அவன் பெயரை எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையை அந்த ஒரு சொல் போக்கிவிட்டது. டேய் என்றவனுக்காவது தான் இழிவு செய்கிறோம் என்பது உள்ளூரத் தெரிந்திருக்கும். பாஸ் என்பவனுக்குத் தான் மரியாதை செய்துவிட்டோம் என்ற நிறைவு இருக்கிறது. எனினும் டேய்க்கும் பாஸுக்கும் வேறுபாடே இல்லை என்று வாதிடுபவர், டேய் என்று அழைக்கப்பட்ட காலத்தை அறியாதவராகத்தான் இருக்க வேண்டும்.

தேநீர் வந்தது. கொண்டுவந்த இளைஞனை ஆசிரியர் ஏறிட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். "தம்பி" என்று தொடங்கியவர், அந்தச் சொல் பழைய அலுவலகங்களில் பட்டபாடு நினைவுக்கு வந்ததாலோ என்னவோ, ஒரு கணம் நிறுத்தினார். பிறகு, "பேர் என்னப்பா?" என்று கேட்டார்.

இளைஞனுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. ஏதோ குறை சொல்லப்போகிறார் என்று எண்ணியவன்போல் தட்டைப் பார்த்தான். பிறகு பெயரைச் சொன்னான். ஊர் இராமநாதபுரத்துப் பக்கம் என்றான். இங்கே வந்து இரண்டு ஆண்டுகள் ஆயின என்றான். அதற்குள் மூன்று மேசைகளிலிருந்து பாஸ், பாஸ் என்று குரல்கள் எழுந்தன, ஓடிவிட்டான்.

புறப்படும்போது பேரன் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்த முனைந்தான். ஆசிரியர் அவனைத் தடுத்துத் தம் சட்டைப் பையிலிருந்து இரண்டு ஐந்து வெள்ளி நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். கல்லாவில் முதலாளி இல்லை; அந்த இளைஞனே நின்றிருந்தான். மீதிச் சில்லறையை எண்ணிக் கையில் வைத்து, "ஒண்ணு அறுபது, பாஸ்" என்றான்.

"நன்றி, பாஸ்" என்றார் ஆசிரியர்.

அவன் பெயரைத்தான் சொல்ல நினைத்திருந்தார். படியிறங்கிக் கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடக்கும்போது பேரன் சிரித்துக்கொண்டே வந்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை.